ஞாயிறு கண் மருந்து: எல்லா வீடும் வரணும்

எல்லோருக்கும் வணக்கம். ட்ரக்கோமா கண்நோய்க்கான அசித்ரோமைசின் மருந்து வரும் ஞாயிறு காலை 8 முதல் 12 மணி வரை நம் சமுதாயக் கூடத்தில் இலவசமாகத் தருகிறார்கள்.

"எங்க வீட்டில் யாருக்கும் கண் சிவக்கவே இல்லையே" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இந்தக் கிருமி குழந்தைகளிடம் வெளியே தெரியாமலேயே இருக்கும், கை, துண்டு, ஈ வழியாகப் பரவும், திரும்பத் திரும்பத் தொற்றினால் பல வருடம் கழித்து இமை உட்பக்கம் தழும்பாகி, முடி உள்ளே திரும்பிக் கருவிழியை உரசி உரசியே பார்வையைப் பறித்துவிடும். பாதிப் பேர் மட்டும் சாப்பிட்டால் மீதிப் பேரிடமிருந்து மறுபடி வந்துவிடும், அதனால்தான் எல்லோருக்கும்.

1. ஒரே வேளை மருந்துதான். பெரியவர்களுக்கு 1 கிராம், குழந்தைகளுக்கு உயரம் அளந்து திரவ மருந்து.
2. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டெட்ராசைக்ளின் கண் களிம்பு: தினம் 2 முறை, 6 வாரம். நடுவில் விட்டுவிடாதீர்கள்.
3. அழுகிற குழந்தைக்கு மூக்கைப் பிடித்து ஊற்ற வேண்டாம், புரையேறும். அழுகை நிற்கட்டும், அப்புறம் கொடுக்கலாம்.
4. இந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
5. லேசான குமட்டல், வயிற்றுப்போக்கு வரலாம். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வீட்டில் எத்தனை பேர், வயது என்ன என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் எனக்குக் கணக்கு வராது!