மரம் யாருடையது?

குரோய்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முரளி,

திட்டாதே. பொங்கலுக்கு எழுத வேண்டிய கடிதம் ஆடியில் வருகிறது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பல்லில் கம்பி மாட்டியாயிற்று. பில்லைப் பார்த்து எனக்குத்தான் பல் வலி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போனில், "சரக்கு எல்லாத்தையும் கம்பெனி பேருக்கு மாத்தியாச்சு" என்றாய். இன்ஷூரன்ஸ் யார் பேரில் என்று கேட்டேன். "என் பேர்லதான். கம்பெனியே நான்தானேடா" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று ஒரு பழைய வழக்கை வைத்துச் சொல்கிறேன். அயர்லாந்தில் டைரோன் பக்கம் கில்லிமூன் எஸ்டேட். அதன் சொந்தக்காரர் மக்காரா. 1919இல் தன் மரத்தையெல்லாம் ஒரு மர அறுப்புக் கம்பெனிக்கு விற்று, பதிலுக்கு 42,000 பங்குகள் வாங்கிக்கொண்டார். பங்கெல்லாம் அவரிடமும் அவருடைய ஆட்களிடமும்தான். கம்பெனி அவருக்கு 19,000 பவுண்டு கடனும் பாக்கி. மரத்துக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தார், தன் சொந்தப் பேரில். 1922 பிப்ரவரியில் தீ. ஏறக்குறைய எல்லாம் சாம்பல்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் மோசடி என்றார்கள், அது எடுபடவில்லை. பிறகு, "மரம் உம்முடையதே இல்லையே" என்றார்கள். 1925இல், அன்றைக்கு அங்கே கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபையும் அதையே சொன்னது. சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள், அவர் வேறு ஆள். அவருக்கு உறவு கம்பெனியோடு. அதன் பொருளோடு இல்லை என்றார் சம்னர் பிரபு. கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர் என்ற வாதமும் நிற்கவில்லை, மரத்தின் மேல் அடமானம் எதுவும் வாங்கவில்லையே! ஒரு பென்னி வரவில்லை.

தனக்குச் சட்டப்படி உரிமை இல்லாத பொருளுக்கு இன்ஷூரன்ஸ் செல்லாது என்ற இந்த விதியின் வேர் 1806இல் வந்த லுசீனா வழக்கு. அதில் எல்டன் பிரபு ஒரு உதாரணம் சொல்கிறார். கிழவருக்கு 90 வயது, வருஷம் 20,000 பவுண்டு வரும் சொத்து, சாகக் கிடக்கிறார், சித்தம் கலங்கியதால் உயிலும் எழுத முடியாது. வாரிசுக்கு வந்தே தீரும். ஆனாலும் அவன் கையில் இருப்பது வெறும் எதிர்பார்ப்புதானாம். (உன் பெரியப்பா வீடு ஞாபகம் வந்தது. கோபிக்காதே.)

அதே வழக்கில் நீதிபதி லாரன்ஸ் வேறு மாதிரி பார்த்தார்: பொருள் இருந்தால் உனக்கு நன்மை, அழிந்தால் உனக்குக் கேடு, அவ்வளவு போதும். என் ஓட்டு அவருக்குத்தான். பாலுவின் சைக்கிள் காணாமல் போனபோது பாலுவா அழுதான்? அடுத்தவன் கப்பல் மேல் பந்தயம் கட்டுகிறவர்களைத் தடுக்க வந்த விதி இது. தன் பணத்தையெல்லாம் கொட்டிய மனுஷனையா அதை வைத்துத் துரத்துவது? கனடா உச்ச நீதிமன்றம் 1987இல், டொராண்டோவில் ஒரு தோல் சாமான் கடைக்காரர் வழக்கில், மக்காரா தீர்ப்பை ஒதுக்கிவிட்டது. ஆனால் நீ இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில்.

முரளி, விளையாட்டுக்கு எழுதவில்லை. அந்தக் கிடங்கில் கிடப்பது சரக்கு மட்டுமல்ல, வசந்தியின் வளையலும் அதில்தான் இருக்கிறது. நாளைக் காலை கடை திறக்குமுன் புரோக்கருக்கு போன் போடு. கம்பெனி பேர் பாலிசியில் ஏறட்டும். கிடங்கு வாடகை ஒப்பந்தம் யார் பேரில் இருக்கிறது என்றும் பார்த்துச் சொல். ஆடிட்டரிடம் கேட்கிறேன் என்று இழுக்காதே. சரக்கைக் கம்பெனி பேருக்கு மாற்றச் சொன்ன மகராசனே அவர்தானே!

பாலிசியின் முதல் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. அது வரும்வரை அம்மா கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் என்னிடமே இருக்கும்.

உன்,
ரகு