பயாப்சி ரிப்போர்ட் வரட்டும்ட்டி

ஏட்டி,

ஓவரி (சினைப்பை) கட்டி ஆபரேஷன் முடிஞ்சு புனலூர் வீட்டுக்கு வந்துட்டன்னு உன் மெசேஜ படிச்சப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அடுத்து கீமோ, அதான் கேன்சருக்கு மருந்து ஏத்துறது, கண்டிப்பா உண்டான்னு கேட்டிருக்க. அத எடுத்த கட்டிய லேப்ல பாத்து எழுதுற பயாப்சி ரிப்போர்ட்தான் சொல்லணும், பாக்க வாற சொந்தக்காரங்க சொல்லக்கூடாது. சாதா கட்டின்னா ஆபரேஷனோட சரி, சாதா கட்டிக்கும் கேன்சருக்கும் நடுவுல உள்ள பார்டர்லைன்னு வந்தாலும் பெரும்பாலும் செக்கப் மட்டும்தான். கேன்சர்னே வந்தாலும் ஓவரிக்குள்ளயே அடங்கி லோ கிரேடா, அதாவது மெதுவா வளர்ற வகையா இருந்தா சில பேருக்கு கீமோ வேண்டியிருக்காது, அதனால ஸ்டேஜ் (எவ்வளவு பரவியிருக்கு) என்ன கிரேடு என்னன்னு ரெண்டையும் கேட்டு எழுதி வச்சுக்கோ.

எங்க மதினிக்கு கீமோ வேணும்னுட்டாவ. திருவனந்தபுரம் ஆர்சிசி கேன்சர் ஆஸ்பத்திரில கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல்னு ரெண்டு மருந்தும் சேத்து, 21 நாளைக்கு ஒருக்க, மொத்தம் 6 தடவ. ஒவ்வொரு தடவையும் முதல்ல ரத்தம் பாப்பாவ, ரத்த அணு கவுண்ட் கம்மியா இருந்தா தள்ளி வச்சிருவாவ, அதுக்கு பயப்படாத. பாக்லிடாக்சல் ஏறும்போது அலர்ஜி வராம இருக்க முன்னாடியே ஊசி போடுவாவ, அப்பவும் மூச்சு முட்டுனா முகம் சூடாகுனா அடக்கிட்டு கெடக்காம உடனே நர்ஸ கூப்பிடணும்.

முடி ரெண்டு மூணு வாரத்துல கொட்ட ஆரம்பிச்சுரும், புருவமும் போகலாம், முடிஞ்சப்புறம் திரும்ப முளச்சிரும். எனக்கு அதவிட மனசு கஷ்டமானது மதினி விரல்தான். பிச்சிப்பூ சரம் அத்தன நெருக்கமா கட்டுவாவ, நாலாவது கீமோவுக்கப்புறம் நாரே விரல்ல தட்டுப்படலன்னு கைய விரிச்சு பாத்துக்கிட்டே இருந்தாவ. மரத்துப்போறத ஆரம்பத்துலயே டாக்டர்கிட்ட சொன்னா டோஸ மாத்துவாவ, மதினி சொல்லாமலே இருந்துட்டாவ. நீ அப்படி இருக்காத.

இன்னொன்னு, இதுதான் முக்கியம். கீமோ நடக்கும்போது காய்ச்சல் 100.4 டிகிரிய தொட்டுச்சுன்னா வீட்டுல மாத்திரையப் போட்டுட்டு படுக்கவே கூடாது, ராத்திரி ரெண்டு மணின்னாலும் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போயி கீமோல இருக்கேன்னு சொல்லணும். அந்த நேரம் வெள்ளையணு இறங்கி கெடக்கும், தொத்து வந்தா சட்டுனு முத்திரும். தெர்மாமீட்டர் ஒண்ணு இப்பவே வாங்கி வையி.

ரெண்டு ஓவரியையும் எடுத்துட்டாவன்னா திடீர்னு வேர்க்கும், தூக்கம் வராது, காரணமில்லாம அழுக வரும், மாதவிலக்கு ஒரேயடியா நின்னதோட வேலதான் அது, அதுக்கும் வைத்தியம் உண்டு. ஆறு வாரத்துக்கு குடம் தூக்காத. கேன்சர்னு வந்தா பரம்பரையா வர்றதான்னு பாக்குற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் பத்தியும் கேளு, உன் தங்கச்சிக்கும் பொண்ணுக்கும் உதவும்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் போட்டோ அனுப்பு, டாக்டர பாக்க என்னைக்கின்னு சொன்னா செங்கோட்டைலருந்து முதல் பஸ்ஸுக்கே வாறேன், சேந்து போவோம்.