அழிக்கிறதையும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க கல்விப் பக்கத்த விடாம படிக்கிறவன் நான். டேட்டாபேஸ் பாடம்னா சேக்கறது, தேடறது வரைக்கும் எல்லாரும் சொல்லித் தர்றாங்க, பல கோடி ரோ (வரிசைப் பதிவு) இருக்கிற டேபிள்ல இருந்து பழச எப்படி அழிக்கிறதுன்னு யாரும் சொல்றதில்ல, அதுக்காகத்தான் எழுதுறேன்.

முன்னாடி வேலை பாத்த கம்பெனில மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், நடந்தத எல்லாம் பதிஞ்சு வைக்கிற ஒரு லாக் டேபிள்ல மட்டும் 40 கோடி ரோ. ரெண்டு வருஷத்துக்கு முந்துனத தூக்கிருன்னாங்க. ராத்திரி 11 மணிக்கு ஒரே டிலீட்டா போட்டேன், 3 மணி ஆகியும் முடியல, மத்த எல்லாமே தவழுது, பயந்து போய் அந்த டிலீட்ட பாதியிலயே கில் பண்ணிட்டேன். அப்பதான் வினையே. அழிச்ச ஒவ்வொரு ரோவையும் திரும்ப எடுத்து வைக்குது, சர்வர ரீஸ்டார்ட் பண்ணாலும் இந்த ரோல்பேக் விடாம ஓடுது. பில்லிங்கும் அதே சர்வர், காலைல கவுன்டர்ல இருந்த பொண்ணு நோட்டு எடுத்து கையால பில் எழுதுச்சு, அந்த முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது.

அப்புறம்தான் கத்துக்கிட்டேன். பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் இருக்கிற தனி அடையாள எண்) வரிசையில ஒரு தடவைக்கு 5000 ரோ அழிக்கணும், கமிட் போட்டு அத உறுதி பண்ணணும், ஒரு செகண்ட் கேப், ரெப்ளிகா (டேட்டாபேஸோட நகல் சர்வர்) பின்தங்குதான்னு ஒரு பார்வை, மறுபடி 5000. நாலு ராத்திரி ஆச்சு, ஒருத்தருக்கும் தொந்தரவு இல்ல. ஆனா டிஸ்க்ல ஒரு ஜிபி கூட திரும்பல! காலியான இடம் ஃபைலுக்குள்ளயே அடுத்து வர்ற ரோவுக்காகக் கிடக்கும், வெளிய வரணும்னா டேபிளையே புதுசா கட்டணும். போஸ்ட்கிரெஸ்ங்கிற இன்னொரு டேட்டாபேஸ்லயும் கிட்டத்தட்ட இதே கததான், அங்க டேபிள புதுசா கட்டுற வேக்யூம் ஃபுல் கட்டளைய போட்டா முடியற வரைக்கும் அந்த டேபிள யாரும் படிக்கக்கூட முடியாது.

டேபிள் போடுற அன்னைக்கே மாசவாரியா பார்ட்டிஷன் போட்டு, அதாவது மாசத்துக்கு ஒரு துண்டா பிரிச்சு வச்சுட்டா இந்தப் பாடே இல்ல. 24 மாசம் போதும்னா 25வது மாசம் பொறந்ததும் பழைய பார்ட்டிஷன டிராப் பண்ணிட்டாப் போச்சு, சில நொடி வேலை, டிஸ்க்ல இடமும் உடனே கிடைக்கும். மைஎஸ்க்யூஎல்னா தேதி இருக்கிற பத்தி (column) பிரைமரி கீக்குள்ளயே இருக்கணும், ஒரு டேபிள இன்னொரு டேபிளோட இணைக்கிற ஃபாரின் கீ வைக்க முடியாது, அதனாலதான் டேபிள் பெருத்த பிறகு மாத்துறது பெரும்பாடு.

2023ல வந்த தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமும் தேவை முடிஞ்ச விவரங்கள அழிக்கணும்னு சொல்லுது, வேற சட்டம் வச்சிருக்கச் சொன்னா விலக்கு உண்டு. நாளைக்கு வேலைக்கு வர்ற பசங்க தலையிலதான் இது விழும். கல்விப் பக்கத்துல தமிழ்ல ஒரு நாலு வாரம் இதுக்கு ஒதுக்குங்க ஐயா, எழுதறதுக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கோயம்புத்தூர்