குளிர்காலத்திலும் கேர்ன்கார்ம்ஸ் போகலாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்து மலைநாடு பற்றி உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கோடை போனால் கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்காவில் பார்க்க ஒன்றுமில்லை, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியான கேரவனைக் கொட்டகையில் நிறுத்திவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. நானும் கணவரும் பல வருடங்களாகக் குளிர்காலத்தில்தான் அங்கே போகிறோம். அதனால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

4,528 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காதான் பிரிட்டனிலேயே பெரியது. கோடையில் லாக் மார்லிக் ஏரிக்கரையில் கார் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். ஜனவரியில் அதே கரையில் மணலும் பனியும் கலந்து கிடக்கும், எதிரே கேர்ன்கார்ம் மலை முழுக்க வெள்ளையாக நிற்கும். குளிர்காலத்தில் மலைமுயலும் டார்மிகன் பறவையும் வெள்ளை நிறத்துக்கு மாறிவிடும். பக்கத்தில் வரும்வரை கண்ணுக்கே தெரியாது. ரெயின்டியர் மந்தையும் அங்கே இருக்கிறது. 1952இல் மிக்கெல் உட்சி என்பவர் (வட ஐரோப்பாவின் ‘சாமி’ எனப்படும் பழங்குடி இனத்தவர்) ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து சேர்த்த மந்தையின் வழிவந்தவை அவை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கொம்போடு நிற்பவை பெரும்பாலும் பெண் மான்கள்தான். வளர்ந்த ஆண்களுக்கு அதற்குள் கொம்பு உதிர்ந்துவிடும். இதைச் சொன்னால் குழந்தைகள் நம்பவே மாட்டார்கள்.

அதற்காக யாரும் எதுவும் தெரியாமல் கிளம்பிவிடவும் கூடாது. பூங்காவுக்குள் இருக்கும் பிரேமரில் 1895, 1982 ஆகிய ஆண்டுகளில் மைனஸ் 27.2 டிகிரி பதிவாகியிருக்கிறது.

முதலில் கேஸ். கோடைக்குப் பலரும் வைத்திருப்பது பியூட்டேன், பிரிட்டனில் பெரும்பாலும் நீல சிலிண்டர். வெப்பம் பூஜ்யத்துக்கு வந்தாலே அது சிலிண்டருக்குள் திரவமாகவே நின்றுவிடும், ஆவியாகாது. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், ஆனால் ஹீட்டர் எரியாது. புரோப்பேன், அதாவது சிவப்பு சிலிண்டர், மைனஸ் 40ஐத் தொடும்வரை ஆவியாகும். குளிர்காலத்துக்கு அதுதான் வேண்டும். இணைக்கும் குழாயின் முனை வேறாக இருக்கலாம் என்பதால் வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காற்றுத் துளைகள். குளிர் உள்ளே வருகிறதென்று தரையில் உள்ள துளைகளைத் துணியால் அடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அடைக்காதீர்கள். கேஸ் எரியும் சின்ன இடத்தில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அதற்கான அலாரம் இல்லாமல் கேரவனில் படுக்கவே கூடாது.

கேரவனுக்கு வெளியே வைக்கும் தண்ணீர்ப் பீப்பாயை இரவில் உள்ளே எடுத்து வைத்தால் போதும், காலையில் டீக்குத் தண்ணீர் இருக்கும்.

பாதை விஷயத்தில் எங்களுக்கு அனுபவம் உண்டு. கேரவனை இழுத்துக்கொண்டு வருபவர்கள் பெர்த்திலிருந்து ஏ9 சாலையில், பூங்காவுக்குள் இருக்கும் ஏவிமோர் ஊருக்கு வருவதே நல்லது. கேர்ன்வெல் கணவாய் வழியாகப் போகும் ஏ93, லெக்ட் வழியாகப் போகும் ஏ939 இரண்டிலும் பனிக் கதவுகள் உண்டு. பனி அதிகமானால் மூடிவிடுவார்கள். திறந்திருக்கும் நாளிலும் அந்த ஏற்றத்தில் கேரவனோடு போகச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சம் ஆறரை மணி நேரம்தான் இருக்கும். மூன்றரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதற்குள் முகாமுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

இன்னொன்று. 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் ஸ்காட்லாந்தில் கிட்டத்தட்ட எங்கேயும் நடக்கவும் கூடாரம் போடவும் உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை மோட்டார் வாகனத்துக்குக் கிடையாது. ஒற்றைத் தடச் சாலையில் எதிர்வண்டிக்கு வழிவிட அமைத்த இடத்தில் கேரவனைப் போட்டுவிட்டு இரவு தூங்குவது பெரிய தவறு. பனிநாளில் ஆம்புலன்ஸும் பனி தள்ளும் வண்டியும் அந்த வழியாகத்தான் வரவேண்டும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கிளம்புகிறவர்கள் இருப்பார்கள். கேஸ், காற்றுத் துளை பற்றிய விவரங்களையாவது அதற்கு முன்பு உங்கள் பயணப் பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளாஸ்கோ