காதுமூடிக்குச் சொந்தக்காரத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உங்கள் பெயரைக் கேட்க மறந்துபோனேன். நீங்களும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்குள் சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கறுப்பு ரீசேட், கழுத்தில் அட்டை, இடது மணிக்கட்டில் சிவப்பு நூல், அவ்வளவுதான் நினைவிருக்கிறது. போன மாதம் திருகோணமலையில் நடந்த இசை நிகழ்ச்சியில் சவுண்ட் மிக்சருக்கு முன்னால் நின்றவர் நீங்கள். உங்கள் மஞ்சள் காதுமூடி எங்கள் வீட்டில் இருக்கிறது. களவெடுக்கவில்லை. பேத்தி அதைப் போட்டபடியே தோளில் நித்திரையாகிவிட்டாள். ஓட்டோவில் பாதித்தூரம் வந்தபிறகுதான் கண்டேன்.

யார் இந்தக் கிழவி என்று யோசிப்பீர்கள். ஒரு கையில் நாலு வயதுப் பெட்டையைத் தூக்கிக்கொண்டு, மறுகையால் ஏழு வயதுப் பெடியனை இழுத்துக்கொண்டு, உங்கள் கூடாரக் கயிற்றில் கால் தடக்கி விழப் பார்த்தேனே, அவள்தான். நீங்கள் கண்டது இரண்டாம் பாதியை. முதல் பாதியை நான் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நன்றி அந்தரத்தில் தொங்கும்.

மகள் தாதி, அன்றைக்கு இரவுக் கடமை. மருமகன் கட்டாரில். பெறாமகன் ரிக்கற்றைக் கொண்டுவந்து தந்து, "முன்னுக்கு மூன்றாம் வரிசை பெரியம்மா, ஸ்பீக்கர் பெட்டிக்குக் கிட்ட, நல்ல இடம்" என்றான். பக்கத்து வீட்டு அக்கா தலையில் கைவைத்தா. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் வந்த நிகழ்ச்சியில் சனம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததை அவ போனில் பார்த்தவ. அதுக்குள்ள குஞ்சு குருமனைக் கொண்டுபோறியோ என்று கேட்டா. எனக்கும் பயம்தான். இரண்டு பேரின் கையிலும் என் போன் இலக்கத்தைப் பேனையால் எழுதினேன். தவறினால் கச்சான் கடலை வண்டிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கோ, வேறு எங்கும் போகாதேங்கோ என்று மூன்று தரம் சொல்லி, மூன்று தரம் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். தண்ணீர், பிஸ்கட், மாற்று உடுப்பு, கச்சான் என்கிற தென்மேல் காற்றின் தூசிக்கு ஒரு சால்வை. எல்லாம் யோசித்தவள் காதை யோசிக்கவில்லை. இத்தனைக்கும் நான் முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள்.

சுவரொட்டியில் ஆறரை என்று போட்டிருந்தது. நாங்கள் ஆறுக்கே போய்விட்டோம். எங்கள் பக்கத்தில் ஆறரை என்றால் எட்டரை என்பதை நாலு வயதுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அந்த இரண்டரை மணித்தியாலத்தையும் காப்பாற்றியவை மான்கள். நீங்கள் வெளியூர் என்றால் தெரிந்திருக்காது, கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் டவுனுக்குள்ளும் ஆடுமாடு மாதிரித் திரியும். வேலியோரமாக ஏழெட்டு நின்றன. சனம் எறிந்த கச்சான் கடதாசிக்காக வண்டிக்குப் பின்னாலேயே அலைந்தன. ஒன்றின் கொம்பில் பட்டத்து நூல் சிக்கிக் காற்றில் ஆடியது. பேத்தி பிஸ்கட்டை ஒவ்வொன்றாக அவற்றுக்குக் காட்டிவிட்டுத் தானே தின்றாள்.

உங்கள் ஆட்கள் மைக்கில் "செக், செக், வன், டூ" சொன்னபோது மான்கள் காதை மட்டும் திருப்பின. பிறகு யாரோ பேஸ் ட்ரம்மை நாலைந்து தரம் மிதித்தார்கள். மான்கள் மெல்லுவதை நிறுத்தின. ஒன்றின்பின் ஒன்றாக, ஓடாமல், கோட்டைப் பக்கமாக நடக்கத் தொடங்கின.

"அம்மம்மா, மானுக்குக் காது நோகுதோ?"

"இல்லையம்மா, அதுகளுக்கு நித்திரை வந்திட்டுது."

விஞ்ஞான ரீச்சர் சொன்ன மறுமொழி அது.

எட்டேமுக்காலுக்கு அறிவிப்பாளர் வந்தார். "திருமலை, சத்தம் காணாது!" என்றார். சனம் கத்தியது. "இன்னும் காணாது!" என்றார். அவருக்கு எவ்வளவு சத்தம் கண்டிருக்குமோ தெரியாது. அனுசரணையாளருக்கு நன்றி, அவருடைய தம்பிக்கு நன்றி, பிறகு திடீரென்று எல்லா லைற்றும் அணைந்தது. கும்மிருட்டு. மேடையின் இரண்டு பக்கத்திலும் நெருப்பு சீறியது, கூடவே அந்த முதல் அடி.

நான் குனிந்துவிட்டேன் தம்பி. யோசித்துச் செய்ததில்லை, உடம்பு தன்பாட்டில் செய்தது. பேத்தியின் தலையையும் கையால் அமத்திவிட்டேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே இருந்த உடம்புக்கு இருட்டும் வெடியும் சேர்ந்து வந்தால் வேறு ஒன்றும் தெரியாது. அவள் மேடையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபிறகுதான் வாய் கோணியது. பிள்ளை சத்தத்துக்குப் பயந்துபோனாள் என்றுதான் மகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இதை அவள் வாசிப்பாள், வாசிக்கட்டும்.

பேரன் வேறு மாதிரி. இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டு கதிரைமேல் ஏறி நின்று துள்ளினான். விரலை எடுத்துக் கைதட்டவும் ஆசை, எடுத்தால் காது வலி. தட்டுவதும் பொத்துவதுமாக அவன் பட்ட பாடு!

எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார். எனக்குப் பதினொரு வயதிருக்கும், எழுபதுகளின் தொடக்கம். சைக்கிள் பாரில் துவாயைச் சுற்றி என்னை இருத்தி, ஒரு இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போனார். தமிழ்ப் பொப் பாட்டு எங்கள் ஊருக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல, பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் குரல்கள் வானொலியில் வந்தால் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்பா. அன்றைக்குப் பாடியது யார் என்று இப்போது சத்தியமாக நினைவில்லை. மரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கர் நினைவிருக்கிறது. அது காதைக் கிழிக்கும், நெஞ்சை அசைக்காது, அதற்குள்ளால் பேஸ் என்கிற அடித்தொனி வராது. அப்பாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு தோளில் இருந்தேன். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். பிறகு என் மகள் பிறந்தது 1988இல். அவளை இரவில் பாட்டுக் கேட்கத் தோளில் தூக்கிப்போகிற காலமாக அது இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியது வேறு விஷயங்களுக்கு.

ஆகவே போவதென்று எழும்பினேன். மூன்றாவது பாட்டு. பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டு "வீட்ட போவம்", பேரன் "போகமாட்டன்". சனத்தை விலக்கிக்கொண்டு நடுவால் வரும்போதுதான் உங்கள் கயிறு.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்தீர்கள், குனிந்து ஒரு பெட்டிக்குள் கையை விட்டு அந்த மஞ்சள் சாமானை எடுத்தீர்கள். மிசின் வேலை செய்கிறவர்கள் போடுகிற சாதி, பெரிய ஆட்களின் அளவு. போட்டவுடன் வழுகிக் கழுத்துக்கு வந்துவிட்டது. உங்கள் வியர்வைத் துவாயை நாலாக மடித்து உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் நடுவில் செருகினீர்கள். நின்றது. அவள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு உங்களை வெறித்துப் பார்த்தாளே, உலகத்தை யாரோ மூடியால் மூடிவிட்டது மாதிரி, அந்தப் பார்வையை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். பேரனுக்கு உங்கள் மேலதிக ஹெட்போனை வயரைக் கழற்றிவிட்டு மாட்டினீர்கள். எனக்கு இரண்டு செம்மஞ்சள் பஞ்சு அடைப்பான். சின்னவளுக்கும் அதையே வைக்கலாமோ என்று சைகையில் கேட்டேன். தலையாட்டி மறுத்தீர்கள். சின்னக் காதுத் துளைக்கு அது சரிவராது, பிடுங்கி வாயில் போட்டால் தொண்டைக்குள் போகும். கேட்டிருக்கவே கூடாத கேள்வி.

பிறகு உங்கள் மேசையில் இருந்த, சத்தம் அளக்கிற மீற்றரைக் காட்டினீர்கள். 97 டெசிபல். மேடையைக் காட்டி, விரலால் 103 என்று எழுதினீர்கள். கணக்கு என் தலைக்குள் தானாக ஓடியது, வகுப்பில் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியது. காதுக்குப் பழுதில்லாமல் 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் நிற்கலாம், மூன்று டெசிபல் கூடக் கூட நேரம் பாதியாகும். 88இல் நாலு, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணித்தியாலம். 100இல் பதினைந்து நிமிடம். 103இல் ஏழரை நிமிடம், அதாவது ஒன்றரைப் பாட்டு. அதுவும் வளர்ந்த வேலையாளுக்குப் போட்ட கணக்கு. இசை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100ஐத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னதையும் வாசித்திருந்தேன். உட்காதில் இருக்கிற மயிர்க் கலங்கள் செத்தால் திரும்ப முளைக்காது என்று பரீட்சைக்குக் கேள்வியும் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவள் நல்ல இடம் என்று பிள்ளையைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு முன்னால் இருத்தினேன். தூரம் இரண்டு மடங்கானால் ஆறு டெசிபல் குறையும் என்பது பாடப்புத்தகம். நீங்கள் தூக்கிக் கட்டியிருந்த பெட்டி வரிசை கிட்டத்தில் அந்தப் பாடத்தை அவ்வளவாக மதிப்பதில்லை என்பதையும் அன்றைக்குத்தான் கண்டேன். அத்தனை தூரம் பின்னால் வந்தும் ஆறுதான் குறைந்திருந்தது. காதுமூடி தன் பங்குக்கு ஒரு இருபதைக் குறைத்திருக்கும்.

சத்தம் குறைந்ததும் அவள் தேடத் தொடங்கினாள். ஓரத்தில் தகரம் வைத்த கறுப்புப் பெட்டியில் ஏற்றி நிறுத்தினீர்கள் அல்லவா, அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். "அம்மம்மா, பெட்டிக்குள்ள ஆரோ இருக்கினம்" என்றாள். பேஸ் அங்கே வந்து துடித்துக்கொண்டிருந்தது.

பேரனுக்கு நீங்கள் செய்தது இன்னும் பெரிது. ஹெட்போன் வயரைத் திரும்பச் செருகி, சத்தத்தை முதலில் அடிமட்டத்துக்கு இறக்கி, உங்கள் காதில் வைத்துப் பார்த்துவிட்டு அவனுக்குக் கொடுத்தீர்கள். ஒரு பொத்தானை அமத்த அவன் முகம் சுருங்கியது. பேஸ் கிற்றார் மட்டும்.

"இது பாட்டே இல்லையே!"

அடுத்தது கீபோர்ட். அடுத்தது பின்னால் நின்ற அக்காமார் இருவரின் "ஆ…ஆ" மட்டும். அவன் சிரிசிரியென்று சிரித்தான். பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் திறந்தீர்கள். அவன் வாயைத் திறந்தபடி நின்றான். சாம்பாருக்குள் போனதை ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துவிட்டுக் கடைசியில் சாம்பாரைக் கொடுத்தமாதிரி. நான் என் வாழ்நாளில் ஒலி அலையை ஒருத்தருக்கும் இப்படிப் படிப்பித்ததில்லை.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். கடைசிப் பாட்டுமட்டும் நின்றால் வாசலில் நசிபட வேண்டும், அதில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரி. நடமாடும் மலசலகூடத்து வரிசையைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். வாசலுக்குக் கிட்ட வந்து திரும்பிப் பார்த்த பேரன், ட்ரம் அடிக்கிறவரின் கை கீழே வந்தபிறகுதான் அடி கேட்கிறது என்று கண்டுபிடித்தான். நூறு மீற்றர் வர ஒலிக்கு 0.3 செக்கன் அளவில் வேண்டும் என்று சொன்னேன். "அப்ப முன்னுக்கு இருக்கிற ஆக்களுக்குப் பாட்டு எங்களுக்கு முதல் முடியுமோ?" என்றான். முடியும்.

கேட்க ஒன்று இருக்கிறது. உங்களை ஒழுங்கு செய்கிறவர்கள் என் பேச்சைக் கேட்கமாட்டார்கள், உங்கள் பேச்சைக் கேட்கலாம். உங்கள் மேசைக்குப் பின்னால் கொஞ்ச இடத்தைக் கயிறு கட்டிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு விடச் சொல்லுங்கள். அங்கேதான் பாட்டு திருத்தமாகக் கேட்கிறது, நீங்களே அங்கே நிற்பது அதற்குத்தானே. வாசலில் மினுங்குகிற கொம்பு விற்கிறவர்கள் நாலு சின்னக் காதுமூடியையும் வாடகைக்கு வைத்திருக்கலாம். தொடங்குவது எட்டரை என்றால் எட்டரை என்றே போடட்டும், பிள்ளையை மத்தியானம் நித்திரையாக்கிக் கொண்டுவருவோம். அறிவிப்பாளருக்கு நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். அவரைத் திருத்தேலாது.

காதுமூடி விஷயத்துக்கு வருகிறேன். பேத்தி அதை மிக்சி போட்டாலும் போடுகிறாள், குக்கர் விசிலுக்கும் போடுகிறாள், கோயில் லவுட்ஸ்பீக்கர் தொடங்கினாலும் ஓடிப்போய் எடுக்கிறாள். நான் ஏசத் தொடங்கினாலும் போடுகிறாள், அது எனக்குப் பிடிக்கவில்லை. பேரன் சமையலறையில் சட்டி பானைகளைக் கவிழ்த்து வைத்து, அவளை அடிக்கவிட்டு, தான் தள்ளி நின்று "இப்ப பேஸ் மட்டும்" என்கிறான். நேற்று மகள் வேலையால் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, அடுத்த முறை தானும் வருவதாகச் சொன்னாள்.

துவாயைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் திரும்ப வரும்போது ஒரு சேதி போடுங்கள், சாப்பிட்டுவிட்டும் போகலாம். துவாயை நான் தருவேன். மற்றதை நீங்கள் அவளிடம்தான் கேட்டு வாங்கவேண்டும். இப்போதைக்கு ஒரு பைக்கற் பிஸ்கட்டுக்கு மசிய மாட்டேன் என்கிறாள்.

அன்புடன்,
கயிற்றில் தடக்கிய ரீச்சர்