சுமதிக்கு, கோத்தகிரியிலிருந்து அம்மா

அன்புள்ள சுமதிக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ஊட்டிப் பக்கம் உறைபனி விழுது, நம்ம தோட்டத்துக்கு இன்னும் வரல. அப்பாவுக்கு இருமல் தேவலாம். கவின் பிறந்தநாள் போட்டோ பார்த்தோம், சட்டை எடுப்பா இருக்கு. ஒண்ணுலயாவது பிள்ளை வாயைத் திறந்து சிரிச்சிருக்கலாம். போன்ல கேட்டா “அவனுக்கு வெட்கம்மா”ன்னுட்டு வேற பேச்சுக்குப் போயிடுற. சரி, கேட்கல. எழுதுறேன், கடிதத்தைப் பாதியில கட் பண்ண முடியாது.

ஒண்ணு செய். பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அவன் தலையை உன் மடியில மல்லாக்கப் போட்டுக்கோ. ஆள்காட்டி விரலால மேலுதட்டைத் தூக்கி, முன்பல் நாலையும் சுத்தமான துணியால ஈரம் போகத் துடை. ஈரமா இருந்தா தெரியாது, காஞ்சாதான் தெரியும். ஈறை ஒட்டி சுண்ணாம்பு இழுத்தாப்புல வெள்ளைக் கோடு இருந்தா அதுதான் சொத்தையோட ஆரம்பம். அதுவரைக்கும் குழி விழல, சரி பண்ணிடலாம். மஞ்சளோ பழுப்போ ஆகி விளிம்பு உதிர ஆரம்பிச்சிருந்தா அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. இரும்புச்சத்து டானிக் குடிச்சா வர்ற கறுப்பு வெறும் கறை, அதைப் பார்த்துப் பயப்படாதே. கீழ் முன்பல் நல்லாத்தானே இருக்குன்னு சமாதானமும் ஆகாதே. பால் பாட்டில் குடிக்கும்போது நாக்கு கீழ்ப்பல்லை மூடிக்கும், எச்சிலும் அங்கதான் அதிகம் ஊறும். மேல்பல்லுதான் பால்லயே கிடக்கும். அடுத்து கடைவாய்க்குப் போகும்.

நீ நைட் ஷிஃப்ட் போற அன்னைக்கு மாப்பிள்ளைதான் தூங்க வைக்கிறார்னு தெரியும். அவரைக் குறை சொல்லல. ரெண்டு பிள்ளையையும் வச்சுக்கிட்டு அந்த மனுஷனும் என்னதான் பண்ணுவார். ஆனா 4 வயசுப் பிள்ளைக்கு ராத்திரி பாட்டில் கூடாது சுமதி. ஒன்றரை வயசுக்குள்ளயே டம்ளருக்கு மாறியிருக்கணும். பகல்ல சாப்பிட்டா பல்லு மேல உண்டாகிற அமிலத்தை அரை மணி நேரத்துல எச்சிலே ஆத்திடும். தூக்கத்துல எச்சில் சுரக்கிறது ரொம்பக் குறைவு, அமிலம் விடிய விடிய நிக்கும். அதுல சர்க்கரையும் சாக்லேட் பவுடரும் வேற.

ஒரே நாள்ல நிறுத்தினா வீடே ரெண்டாகும், மறுநாளே பாட்டில் திரும்பி வந்துடும். முதல் ரெண்டு ராத்திரி சர்க்கரையையும் பவுடரையும் மட்டும் நிறுத்து. அப்புறம் ரெண்டு ராத்திரிக்கு ஒரு தடவை கால் பங்கு பாலைக் குறைச்சு அந்த அளவுக்குத் தண்ணி. பத்து நாள்ல வெறும் தண்ணி. அவனே தூக்கிப் போட்டுடுவான். பாலை ராத்திரிச் சாப்பாட்டோட டம்ளர்ல கொடு. பல் விளக்கினப்புறம் தண்ணியைத் தவிர எதுவும் கிடையாது, அழுதாலும்.

விளக்குறது உன் வேலை, அவன் வேலை இல்ல. 7, 8 வயசு வரைக்கும் மூத்தவ யாழினிக்கும் நீங்கதான் விளக்கணும். பின்னால நின்னு தலையை நெஞ்சுல சாய்ச்சுக்கோ, பிரஷை ஈறு ஓரமாச் சாய்ச்சு வச்சு மெதுவா, ரெண்டு நிமிஷம். அவனுக்குப் பேஸ்ட் பட்டாணி அளவு போதும். 3 வயசுக்குக் கீழன்னா அரிசி அளவுதான். டியூபுக்குப் பின்னாடி ஃபுளோரைடு 1000 பிபிஎம் பக்கம் இருக்கான்னு பார், பழ வாசனைப் பேஸ்ட் சிலதுல அதுவே இருக்காது. துப்பட்டும், தண்ணி விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். உங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல போர் தண்ணி பல இடத்துல ஃபுளோரைடு கூடுதல், பல்லுல திட்டு விழும். குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணி வருதான்னு விசாரி. அதுக்காகப் பேஸ்ட்டை நிறுத்திடாதே, விழுங்காமப் பார்த்துக்கோ.

வண்டிப் பாகத்துல மயிரிழை பிசகினாக் கண்டுபிடிக்கிற வேலை உனக்கு. அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறார். அந்தக் கண்ணு பிள்ளை வாய்க்குள்ள போகலையேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

பால்பல் தானே, விழத்தானே போகுதுன்னு உன் மாமியார் சொல்லுவாங்க. முன்பல் 6, 7 வயசுல விழும். கடைவாய்ப் பால்பல் 10, 12 வயசு வரைக்கும் நிக்கணும். முன்கூட்டியே பிடுங்கினா, 6 வயசுல அதுக்குப் பின்னால முளைக்கிற பெரிய பல் நகர்ந்து வந்து இடத்தை அடைச்சுக்கும், அடியில வர்ற பல் கோணலா வரும். பிடுங்கியே ஆகணும்னா இடம் காக்கிற கம்பி வளையம் வைக்கணுமான்னு கேளு. யாழினிக்கு அந்தப் பெரிய பல் வர்ற நேரம். பால்பல்னு விட்டுடாதே, அது விழாத பல். பள்ளத்தை அடைக்கிற சீலன்ட் போடச் சொல்லு.

வெள்ளைக் கோடு மட்டும்னா ஃபுளோரைடு வார்னிஷ் தடவுவாங்க, வலி இல்ல, 3 முதல் 6 மாசத்துக்கு ஒருதரம். சின்னக் குழி, பிள்ளை வாய் திறக்க மாட்டேங்குறான்னா சில்வர் டையமைன் ஃபுளோரைடு 38% சொட்டுத் தடவுவாங்க. சொத்தை கெட்டியாகி நின்னுடும், ஆனா கறுப்பாகும். போட்டோவுக்கு நல்லா இருக்காதுன்னு வேண்டாம்னுடாதே. வேர் வரைக்கும் போயிருந்தா உள்ளே சுத்தம் பண்ணிக் கடைவாய்க்கு ஸ்டீல் தொப்பி.

ஈறுல கொப்புளம் மாதிரி வந்தா மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்துட்டு இருந்துடாதே. வீக்கம் வடியும், திரும்ப வரும். செத்த நரம்பு உள்ளேயே இருக்கே. கிராம்புத் தைலத்தை ஈறுல வைக்காதே, வெந்து போகும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 14 கிலோன்னா 5 மில்லியில 250 மில்லிகிராம் இருக்கிற சிரப்புல 4 மில்லி. 125 பாட்டிலும் இருக்கு, லேபிளைப் பார்த்து ஊத்து. 6 மணி நேரம் விட்டுத்தான் அடுத்தது. கன்னம் கண்ணு வரைக்கும் வீங்கினாலோ, தாடைக்கு அடியில வீங்கினாலோ, காய்ச்சலோட விழுங்கக் கஷ்டப்பட்டாலோ, ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரிக்குப் போ.

வர்க்கி கேட்டிருந்த. அனுப்புறேன். சாப்பாட்டோட ஒருதரம் கொடு, கையில கொடுத்து நாள் முழுக்கக் கொறிக்க விடாதே. மாவு பல்லு இடுக்குல ஒட்டிக்கிட்டு நிக்கும்.

பாட்டில் விஷயத்தை மாப்பிள்ளைகிட்ட நீயே பக்குவமாச் சொல்லு. சொல்ல முடியாத நிலைமைன்னா எனக்காவது சொல்லு. டாக்டர்கிட்டப் போறதுக்கு முன்னாடி கவின் எடையைப் பார்த்து எழுதி வச்சுக்கோ, மருந்தளவுக்குக் கேட்பாங்க. ஞாயித்துக்கிழமை போன் பண்ணு, பிள்ளைகள் தூங்கினப்புறம்.

அம்மா