கப்பலேறிப் போனவரின் ஊர்

போர்ட் லூயி,
மொரீசியஸ்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நான் நலம். தாங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். வேலை பழகிவிட்டது. இந்நாட்டு ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் நினைவு வருகிறது. இம்முறை ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

ஆடி அமாவாசைக்கு நம் வீட்டில் "கப்பலேறிப் போனவருக்கு" என்று தனியாக ஓர் இலை போடுவோமே, தங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன், அவர் வந்து இறங்கிய துறையைப் பார்த்துவிட்டேன். இன்று அதை ஆப்ரவாசி காட் என்கிறார்கள். 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அடிமை முறை ஒழிக்கப்பட்டதை ஒட்டிக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டதால், 1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த முகாமின் பெரும்பகுதி இப்போது இல்லை. படகிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கற்படிகள் இருக்கின்றன. நடுவில் தேய்ந்திருக்கும் அந்தப் படியைத் தொட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அலுவலகத் தோழி ஒருத்தி, இங்கேயே ஐந்து தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்தவள், தன் முன்னோரைத் தேடி மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்துக்குச் சென்றபோது என்னையும் அழைத்துச் சென்றாள். வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடலிலுள்ள அடையாளம், சொந்த ஊர், வந்த கப்பல் ஆகியவற்றைப் பதிவேடுகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவளுடைய மூதாதையின் வரியில் "நெற்றியில் தழும்பு" என்று இருந்தது. அதைப் படித்ததும் அவள் தன்னை அறியாமல் தன் நெற்றியைத் தடவிக்கொண்டாள்.

தமிழ் அறியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் பெயர்கள் உருமாறிக் கிடக்கின்றன. ஆறுமுகம் 'அர்மூகம்' ஆகியிருக்கிறது. அதுவே பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. தோழிக்குக் கிரியோல்தான் தாய்மொழி. தேவாரத்தை ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவாள். பதிவேட்டில் 'டாஞ்சூர்' என்றிருந்ததைத் தஞ்சாவூர் என்று நான் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தன் பூர்வீகம் புரிந்தது. எனக்குத் தெரிந்த தமிழ் அன்றைக்குப் பயன்பட்டதைப் போல் என்றும் பயன்பட்டதில்லை, அப்பா.

நம்மவரைத் தேடுவதில்தான் சிக்கல். அவருடைய பெயரில் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். தகப்பன் பெயரும் ஊரும் தெரிந்தால் மட்டுமே இவர்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியும். மாயவரம் என்று நாம் சொல்வது பிற்காலத்தில் குடிவந்த இடமாயிற்றே. அதற்கு முன்பு எந்தக் கிராமம் என்பதைத் திருவாரூர் அத்தைப்பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். குலதெய்வக் கோவில் எங்கே இருக்கிறது, அங்கே யார் பெயரில் காது குத்தினார்கள் என்பதையும் கேளுங்கள். பரணில் உள்ள தகரப் பெட்டியில் பழைய நிலப் பத்திரங்கள் இருக்கும். அவற்றில் "இன்னாரின் குமாரர்" என்று வரும் பெயர்களை ஒன்றுவிடாமல் குறித்து அனுப்புங்கள். பாட்டிக்குத் தொண்ணூறு வயது ஆகப்போகிறது. ஆகையால் இந்த வாரமே போய் வாருங்கள்.

தங்கள் அன்பு மகள்